என் புரதமும் அவள் நட்சத்திரமும்

1

கேக்கில் அவள் பெயர் இருந்தது. நீலக் கிரீமில் வளைத்து வளைத்து ‘தஹ்னியா ஜெசிந்தா’ என்று எழுதியிருந்தார்கள். தஹ்னியா என்றால் மலாயில் வாழ்த்து. நான் கையில் ஒரு டப்பா கேசரியோடு ஆய்வக வாசலில் நின்றேன்.

அன்றைக்கு நான் பினாங்குக்கு வந்து ஆறு வருடம் முடிந்திருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பெட்டி, ஒரு வீட்டுக்காரர், ஒரு சின்னப் பெண் பிள்ளை என்று வந்து இறங்கிய நாள். யாருக்கும் நினைவிருக்கப் போவதில்லை. நாமே கேசரி கிண்டிக்கொண்டு போவோம், என்ன விசேஷம் என்று கேட்பார்கள், சும்மாதான் என்று முதலில் பிகு பண்ணிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். கேக்கைப் பார்த்ததும் டப்பாவைப் பைக்குள் தள்ளிவிட்டேன்.

ஜெசிந்தா எங்கள் ஆய்வகத்தில் எனக்கு அடுத்த இடத்தில் இருப்பவள். பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கெலுகோரில் நாங்கள் கல்லீரல் புற்றுநோயைப் பற்றி ஆராய்கிற ஒரு சிறு குழு. சோதனைகள் என் பொறுப்பு. மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளிடம் சம்மதம் வாங்கி, அறுவையில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டு கொண்டுவருவது அவள் பொறுப்பு. கோலாலம்பூரில் நடந்த மாநாட்டில் எங்கள் வேலையை ஒரு பெரிய தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று விளக்கியவள் ஜெசிந்தா. பரிசு கிடைத்துவிட்டது. தாளில் இருந்த படங்களில் பாதிக்கு மேல் நான் கண் பூத்துப் போய் எடுத்தவை.

கேக்கை வெட்டி முடித்ததும் எங்கள் புரொபசர் என்னைத் தனியே அழைத்தார். சீனப் பெண்மணி, நல்லவர், ஆங்கிலத்தில் நேராகப் பேசுவார்.

“மதி, நம்ம ஆய்வுக் கட்டுரையில உன் பேர்தான் முதல்ல. ஆனா உன் பேருக்கும் ஜெசிந்தா பேருக்கும் மேல ஒரு நட்சத்திரம் போடலாம்னு பாக்கறேன். உனக்குச் சம்மதமா?”

எங்கள் தொழிலில் அந்தச் சின்ன நட்சத்திரத்துக்கு ‘இருவர் பங்கும் சமம்’ என்று பொருள். முதல் பெயர் என்பது எங்களுக்கு வீட்டுப் பத்திரம் மாதிரி. நட்சத்திரம் போட்டால் அது கூட்டுப் பத்திரம் ஆகிவிடும்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். உள்ளே வயிறு எரிந்தது. கல்லீரல் இருக்கிற பக்கமாகவே எரிந்தது.

இதையெல்லாம் நான் துணிந்து எழுத ஒரே காரணம், ஜெசிந்தாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலாய்ப் பள்ளியில் படித்தவள்.

2

என் புரதத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குச் சில எழுத்துகளும் ஒரு எண்ணுமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் யாருக்கும் வாயில் நுழையாது, விட்டுவிடுவோம். என் வீட்டில் அதற்கு ‘அம்மாவோட ரெண்டாவது பிள்ளை’ என்று பெயர்.

ஒரு செல்லுக்குள் எது எப்போது நடக்க வேண்டும் என்ற உத்தரவுகள் எல்லாம் டி.என்.ஏ.வில் பூட்டிக் கிடக்கின்றன. தேவைப்படும்போது அதிலிருந்து ஒரு நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. ‘வளர்’ என்று ஒரு நகல் வரும், செல் வளரும், வேலை முடிந்ததும் நகல் சிதைந்துவிடும். கல்யாணப் பத்திரிகை மாதிரி. கல்யாணம் முடிந்தால் அதற்கு வேலை இல்லை. ஆனால் யாரோ ஒருவர் அந்தப் பத்திரிகையைக் கிழியாமல், தேதியை மறைத்துக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றால் என்ன ஆகும்? பந்திக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். இலை போட்டு மாளாது.

அப்படி நகலின் வாலைப் பிடித்துக்கொண்டு அதைச் சிதையவிடாமல் காப்பதுதான் என் புரதம். நல்ல கல்லீரலில் அது அடக்கமாக இருக்கிறது. புற்றுக் கட்டியில் மிகுந்துவிடுகிறது. தட்டில் வளர்க்கும் புற்றுச் செல்களில் அதைக் குறைத்துப் பார்த்தேன். நகல் சீக்கிரம் சிதைந்தது, செல்கள் பெருகுகிற வேகமும் தளர்ந்தது. அந்த நாளில் நான் ஆய்வகத்தில் தனியாகக் கை தட்டினேன். நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவில் முதலில் கை வைத்தவள் நான்.

ஜெசிந்தா வந்தபோது அந்தப் புரதத்தின் பெயரையே அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவள் ‘நம்ம புரோட்டீன்’ என்கிறாள். நம்ம!

3

மகள் மீராவும் அவள் பக்கம் போய்விட்டாள்.

மலாய்ப் பாடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் மீராவுக்கு என்னால் ஒரு வரி உதவ முடியாது. ஆறு வருடம் இருந்தும் என் மலாய் மீன் சந்தையைத் தாண்டவில்லை. ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்தில் பாஸ் புதுப்பிக்கப் போனேன். வருடா வருடம் அதே வரிசை, அதே புகைப்படம், அதே கேள்வி. என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். கல்லீரல் நோயை ஆராய்கிறேன் என்று சொல்வதாக நினைத்து, மலாயில் ‘மனக்கசப்பை ஆராய்கிறேன்’ என்று சொல்லிவிட்டேன். மலாயில் கல்லீரலுக்கும் மனசுக்கும் ‘ஹாத்தி’ என்று ஒரே சொல். அந்த மனிதர் பக்கத்து ஜன்னல்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். இரண்டு பேரும் மிகுந்த மரியாதையோடு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் மீரா விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே ஜெசிந்தாவுக்குக் குரல்பதிவு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையில் ஜெசிந்தா எங்கள் அடுக்ககத்துக்கு வருவாள். கையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள். இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து மலாய்க் கட்டுரை எழுதுவார்கள். இடையில் சிரிப்பு. நான் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும்.

“ஏட்டி, என்ன சிரிப்பு, எனக்குந்தான் சொல்லேன்” என்றேன் ஒருநாள்.

“ஒன்னும் இல்ல லா மா. சொன்னா உங்களுக்குப் புரியாது.”

பாளையங்கோட்டையில் பிறந்த என் பிள்ளை ‘இல்ல லா’ என்கிறாள். திருத்தலாம் என்று, “மீரா, பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக் கூடாது, ஒழுங்கான தமிழில் சொல்லிப் பழகு” என்றேன்.

“நீங்க வெளிய பேசற தமிழ் கட்டுரை மாதிரி இருக்கு மா. ஜெசி அக்கா பேசறது பேச்சு மாதிரி இருக்கு.”

வீட்டுக்காரர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, “பிள்ள சரியாத்தான் சொல்லுதா” என்றார். அவருக்கு அன்று மத்தியானம் பழைய குழம்புதான்.

4

பொறாமை எனக்குப் புதிது இல்லை. ஊரில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது.

எங்கள் சித்தி ஒருத்தி இருந்தாள். அம்மா புதுச் சங்கிலி போட்டுக்கொண்டு வந்தால், வாசலிலேயே நிறுத்தி, “எக்கா, எனக்கு வயிறு எரியுது, இப்பவே சொல்லிட்டேன்” என்பாள். அம்மாவும், “எரிஞ்சா மோரு குடி” என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சங்கிலியைக் கழற்றி சித்தி கழுத்தில் போட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் இருவருக்கும் சேர்த்து யாராவது உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார்கள். எங்கள் கல்லூரி ஆய்வகத்திலும் அப்படித்தான். என் சோதனை பலித்தால் பக்கத்து மேசைக்காரி, “நாசமாப் போறவளே, உனக்கு மட்டும் எப்படிட்டி வருது?” என்று என் முதுகில் ஒரு அறை வைப்பாள். வலிக்கும், ஆனால் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே எல்லோரும் தஹ்னியா சொல்லி, கேக் தின்று, படம் எடுத்துக்கொள்கிறார்கள். வயிறு எரிகிறது என்று சொல்ல இடமில்லை. நானும் தஹ்னியா சொன்னேன். படத்தில் என் பற்கள் எல்லாம் தெரிகின்றன.

5

ஆய்விதழுக்கு அனுப்பிய எங்கள் கட்டுரையைப் பரிசீலித்த முகம் தெரியாத பெரியவர் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். தட்டில் வளர்த்த செல்லில் காட்டியது போதாது, இன்னும் சில நோயாளிகளின் கட்டியிலும் அந்த நகல் மிகுந்திருக்கிறதா என்று அளந்து காட்டுங்கள் என்றார். அதற்குப் புதுத் துண்டுகள் வேண்டும். அந்த வாரம் பார்த்து ஜெசிந்தா தங்கை நிச்சயதார்த்தத்துக்கு விடுப்பு எடுத்திருந்தாள்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்த வாரம் அறுவைக்கு இருந்தவர் சரோஜா, சிம்பாங் அம்பாட்காரர், தமிழர். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலாயில்தானே எனக்குத் தகராறு? தமிழரிடம் தமிழில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டால், நட்சத்திரத்துக்கே வேலை இல்லையே என்று ஒரு கணக்கு ஓடியது. புடவை கட்டிக்கொண்டு போனேன்.

கட்டில் ஓரம் நின்று, ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். “வணக்கம் அம்மா. தங்கள் கல்லீரலிலிருந்து அகற்றப்படும் திசுவின் ஒரு சிறு பகுதியை ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தங்கள் ஒப்புதல் தேவைப்படுகிறது.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க லாயரா மா?”

“இல்லம்மா, நான் ஆய்வாளர்.”

“எனக்கு ஒன்னும் புரியல. கையெழுத்துப் போட்டா எதாச்சும் சூசா ஆயிருமா? எங்க அந்த ஜெசிந்தா பொண்ணு? போன வாரம் வந்து எங்கூட உக்காந்து பேசிட்டு இருந்துச்சே. அது வரட்டும் மா. அதுகிட்ட சொல்றேன்.”

சூசா என்றால் இங்கே தொல்லை. என் தமிழுக்கு வந்த பலன் அது. மலாயில் தோற்றிருந்தால் சகித்துக்கொண்டிருப்பேன், தமிழில் தோற்று, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன்.

இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா திரும்பினாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, எப்படியும் வெட்டி எடுக்கப் போறாங்க. எடுத்தத வச்சிப் பாத்துட்டு வீசிருவாங்க. அதுல சிக்கிட், கொஞ்சூண்டு மட்டும் எங்களுக்குக் கொடுங்க. அது ஏன் இப்படி வளருதுன்னு நாங்க பாப்போம். வேணாம்னா வேணாம், டாக்டர் ஒன்னும் கோவிக்க மாட்டாரு.”

“உனக்குத்தானே? எடுத்துக்க போ.”

“எனக்கு இல்ல ஆன்ட்டி, இவங்களுக்கு. மதி அக்காதான் பெரிய ஆளு.”

சரோஜாம்மா என்னைப் பார்த்துச் சந்தேகத்தோடு தலையாட்டினார். பிறகு ஜெசிந்தாவிடம், “பத்திரமா கொண்டுட்டுப் போயி சேத்துட்டு வந்து என்கிட்ட சொல்லணும்” என்றார்.

அது அவள் ஏற்படுத்தி வைத்திருக்கும் வழக்கம். துண்டு கொடுத்த ஒவ்வொருவரிடமும் சில நாளில் திரும்பப் போவாள். முடிவுகளை வெளியே சொல்லக் கூடாது, அதைச் சொல்ல மாட்டாள். ‘உங்க சாமான் பத்திரமா வந்து சேந்துருச்சி’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவாள். விதிமுறையில் இல்லாத வேலை, நேரத்துக்குப் பிடித்த கேடு என்று நான் புரொபசரிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். புரொபசரோ ஜெசிந்தாவின் வழக்கத்தை நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார்.

6

அறுவை நாளன்று காலையில் குழாய்களை நானே தயார் செய்தேன். வழக்கமாக ஜெசிந்தாதான் செய்வாள். இந்த முறை ஒரு துரும்பையும் அவள் கைக்குக் கொடுப்பதில்லை என்று இருந்தேன்.

இரண்டு குழாய். நீல மூடிக் குழாயில் ஃபார்மலின். அதில் போட்ட துண்டு இறுகிவிடும், மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கலாம். சிவப்பு மூடிக் குழாயில் ஆர்.என்.ஏ.வைக் காக்கிற கரைசல். ஆர்.என்.ஏ. அவ்வளவு நோஞ்சான். நம் கை வியர்வை பட்டாலே அழிந்துவிடும். கட்டியிலிருந்து எடுத்த கையோடு அந்தக் கரைசலில் போட்டால்தான் உண்டு. நாங்கள் அளக்க வேண்டியது அதைத்தான். இரண்டு திரவமும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை ஜெசிந்தா வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று மீரா ஜெசிந்தாவிடம், “நீங்க எங்க வீட்டுலயே இருந்துருங்க லா” என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. குழாய்களை நிரப்பும்போதும் அதே ஓடிக்கொண்டிருந்தது. அறுவை அரங்க வாசலில் நர்ஸ் தட்டை நீட்டியபோது நான்தான் முந்திக்கொண்டு வாங்கினேன். துண்டைப் பிரித்து இரண்டு குழாயிலும் போட்டேன். ஜெசிந்தா பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் ஆய்வகத்தில் சிவப்பு மூடியைத் திறந்தேன். குப்பென்று மூக்கில் ஏறியது. கண் கரித்தது.

ஃபார்மலின்.

இரண்டு குழாயிலும் அதையே ஊற்றியிருக்கிறேன். ஃபார்மலினில் ஊறிய துண்டிலிருந்து நாங்கள் கேட்கிற அளவை எடுக்க முடியாது. முதலாண்டு மாணவர்களை இதற்காக நான் திட்டியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவுக்கும் வாடை போயிருக்க வேண்டும்.

“மதிக்கா…” என்றாள்.

புரொபசர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்து, என்ன என்று கேட்டார். நான் சிவப்பு மூடியைத் திருகி மூடினேன். ஜெசிந்தா முன்னால் வந்து, “டியூப் மாறிப்போச்சு புரோஃப். நாங்க ரெண்டு பேருந்தான். செக் பண்ணாம விட்டுட்டோம்” என்றாள்.

நாங்கள் ரெண்டு பேரும்! பெட்டி தூக்கியதைத் தவிர அவள் ஒரு பாவமும் அறியாதவள். என் தப்பில்கூட நட்சத்திரம் போட்டுச் சம பங்கு எடுத்துக்கொண்டாள். நல்லவளாக இருப்பதிலாவது என்னை முந்தாமல் இருக்கக் கூடாதா இவள்?

“இல்ல புரோஃப், நிரப்பினது நான் மட்டும்” என்றேன். கோபத்தில்தான் சொன்னேன், நேர்மையில் இல்லை.

புரொபசர் நெற்றியைத் தடவினார். மற்ற நோயாளிகளிடம் வாங்கிய துண்டுகள் இருக்கின்றன, அவற்றை வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் நோயாளி ஒருவர் கொடுத்தது வீணாயிற்றே என்றார். போய்விட்டார்.

7

கைகழுவும் தொட்டி பக்கத்தில் ஜெசிந்தாவைப் பிடித்தேன்.

“எதுக்கு எனக்காகப் பொய் சொன்ன?”

“சும்மா லா அக்கா. எல்லாருக்கும் நடக்கறதுதான்.”

“ஜெசி, ஒன்னப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.”

சொல்லிவிட்டேன். எங்கள் சித்தி மாதிரி, நேருக்கு நேர். ஆனால் எரிஞ்சா மோரு குடி என்று சொல்ல இந்தப் பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்திருக்கப் போகிறார்கள்? அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

“தெரியும் லா அக்கா. இங்க எல்லாருக்கும் தெரியும்.”

பூமி பிளக்கவில்லை. தண்ணீர் மட்டும் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது, அவள்தான் மூடினாள்.

“சரோஜா ஆன்ட்டி டிஸ்சார்ஜ் ஆவப் போறாங்க” என்றாள். “சாமான் பத்திரமான்னு கேப்பாங்க. அவங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க போங்க.”

போனேன். புடவை கட்டவில்லை, ஒத்திகையும் பார்க்கவில்லை. சரோஜாம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வற்றிப்போயிருந்தார். மருமகள் கொண்டுவந்த கஞ்சியை முகம் சுழித்தபடி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “லாயரம்மா வந்துட்டாங்க” என்றார். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

“எம்மா, நீங்க குடுத்தத நான் கெடுத்துட்டேன். ரெண்டு குப்பியிலயும் ஒரே மருந்த ஊத்திப்புட்டேன். நான்தான், ஜெசிந்தா இல்ல. அதுல பாதி வேலைதான் நடக்கும், முக்கியமானது நடக்காது. ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போவணும்னு வந்தேன். மன்னிச்சுக்கிடுங்க.”

எனக்கே அது என் குரல் மாதிரி இல்லை. ஆறு வருடமாக வீட்டுக்கு வெளியே நான் அந்தத் தமிழைப் பேசியதில்லை. அவர் கஞ்சிக் கிண்ணத்தை மருமகளிடம் கொடுத்தார்.

“கெட்டுப்போச்சா?”

“ஆமாம்மா.”

“நல்லா கெட்டுப்போச்சா?”

“நல்லாவே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.

“அது கெட்டுப்போவணும்னுதானே மா என்னைய வெட்டி எடுத்தாங்க! எத்தன டாக்டரு, எத்தன ஊசி. உன் ஒரு கையில செத்துருச்சா அது? நல்லா இரு. தைப்பூசத்துக்குத் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு வர முடிஞ்சா உன் பேருக்கு ஒரு தேங்கா உடைக்கறேன். பேரு என்னா?”

“மதி” என்றேன். அவர் மருமகளிடம் திரும்பி, “மதி, ஞாபகம் வச்சிக்க” என்றார். ஜெசிந்தாவின் பெயர் அந்தப் பேச்சில் வரவே இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

8

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் புரொபசருக்கு ஒரே சொல்லில் மின்னஞ்சல் அனுப்பினேன். ‘செத்துஜு.’ மலாயில் சம்மதம். பிழை இல்லாமல் எனக்கு எழுத வருகிற சில சொற்களில் அது ஒன்று. அனுப்பும்போது எரிந்தது, இப்போதும் எரிகிறது. எங்கள் கட்டுரையில் என் பெயருக்கு மேலே ஒரு நட்சத்திரம், அவள் பெயருக்கு மேலே ஒரு நட்சத்திரம். இரண்டும் ஒரே அளவு. பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.

ஜெசிந்தா நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“ஆன்ட்டி என்னா சொன்னாங்க கா?”

“ஒண்ணும் சொல்லல. சிரிச்சாங்க.”

“சிரிச்சாங்களா? எதுக்கு?”

“சும்மாதான்.”

“சொல்லுங்க லா!”

நான் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினேன். நட்சத்திரத்தைக் கொடுத்தாயிற்று. சிரிப்பையுமா கொடுப்பது?